படிக்கக் கேட்டேன், சரி

சினிமாக் கோர்ட்டில் சாட்சி பேசுவார், எல்லோரும் கேட்பார்கள், அவ்வளவுதான். நிஜக் கோர்ட்டில் நடுவே இன்னொரு வேலை நடக்கிறது. வக்கீல் கேள்வி கேட்பார். சாட்சி தன் ஊர்ப் பேச்சில் ஏதோ சொல்வார். நீதிபதி அதைக் கேட்டு, மனசுக்குள் ஒரு வாக்கியமாகக் கட்டி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டைப்பிஸ்ட்டிடம் சொல்வார். டைப்பிஸ்ட் அடிக்கும் அந்த வாக்கியம்தான் சாட்சியம். அப்பீல் போனால் மேல்கோர்ட் படிப்பது அந்தத் தாளைத்தான். ஆள் பேசிய பேச்சு ஃபேன் காற்றோடு போய்விடும்.

தெற்கே கரிசல் காட்டுப் பக்கம், முன்சீப்பும் மாஜிஸ்திரேட்டும் ஒருவரே என்றிருந்த ஒரு சின்னக் கோர்ட்டில் அந்தத் தாளை அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். எழுபதுகளின் கடைசி. அப்போது அது திருநெல்வேலி ஜில்லா. 1986இல்தான் பிரித்துத் தூத்துக்குடியைத் தனி மாவட்டமாக்கினார்கள். தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயரும் ஹையரும் பாஸ் செய்திருந்தேன். கோர்ட்டில் ஒரு ரெமிங்டன் மெஷின், மூன்று தாள், நடுவே இரண்டு கார்பன். சுழியை அழுத்தி அடித்தால் தாள் ஓட்டையாகிவிடும். மெதுவாக அடித்தால் மூன்றாம் பிரதியில் எழுத்தே தெரியாது.

1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் எழுபதுகளில் ஒரு திருத்தம் வந்து, கீழ்க்கோர்ட்டுகளில் சாட்சியத்தைத் தமிழில் எழுதலாம் என்று ஆகியிருந்தது. அதற்கு முந்திய கட்டுகளை ரிக்கார்டு ரூமில் புரட்டியிருக்கிறேன். பருத்தி எடுக்கப்போன கிழவி, ஆடு மேய்த்த பையன், எல்லோரும் இலக்கணம் பிசகாத இங்கிலீஷில் சாட்சி சொல்லியிருப்பார்கள். அவர்கள் பேசப்பேச நீதிபதி மனசிலேயே மொழிபெயர்த்துக் கையால் எழுதியது அது. அந்தத் தாள்களைப் பார்த்த எனக்கு, இனிமேல் சனங்கள் பேசுவது அவர்கள் பேச்சிலேயே ஏறும் என்று ஒரு நினைப்பு இருந்தது. வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது: இங்கிலீஷ் போய் வேறொரு தமிழ் வந்திருந்தது. அதுவும் அவர்கள் பேசுகிற தமிழ் இல்லை.

குற்றம் சாட்டப்பட்டவரைத் தமிழ்நாட்டுக் கிரிமினல் கோர்ட்டுகளில் ‘எதிரி’ என்றுதான் எழுதுவோம். ஒரு பெரியவரிடம் அரசு வக்கீல் வழக்கம்போல, “ஆஜர் எதிரியைத் தெரியுமா?” என்று கேட்டார். பெரியவர் கூண்டில் நின்றவனை ஏற இறங்கப் பார்த்தார். “எதிரியெல்லாம் இல்லீங்கய்யா. இவன் எங்க சின்னையா மகன். வரப்புல ஒரு சடவு, அம்புட்டுத்தான். அதுக்காக எதிரின்னு சொல்லிரலாமா?” கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஆஜர் எதிரியை எனக்குத் தெரியும். அவர் எனக்கு உறவினர்.” நானும் அடித்தேன். அந்த மனத்தாங்கல், அந்தச் சடவு, தாளில் ஏறவில்லை. வழக்கே அந்தச் சடவுதான்.

குறுக்கு விசாரணை இன்னும் வேடிக்கை. எதிர்த்தரப்பு வக்கீல் நீளமாக ஒரு கேள்வி போடுவார். சம்பவ இடத்தில் நீங்கள் இல்லவே இல்லை, வாதியின் தூண்டுதலில் பொய் சொல்கிறீர்கள், உங்களுக்கும் பிரதிவாதிக்கும் ஏற்கெனவே முன்விரோதம் என்று அடுக்கிக்கொண்டே போவார். சாட்சி “ல்லே” என்பார். சிலர் தலையை மட்டும் ஆட்டுவார்கள். “அந்தாள ஒரு சூடம் அடிச்சுச் சொல்லச் சொல்லுங்க பாப்பம்” என்று ஒரு அம்மா சொன்னது நினைவிருக்கிறது. தாளில் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: “நான் சம்பவ இடத்தில் இல்லை என்றும், வாதியின் தூண்டுதலின்பேரில் பொய்ச் சாட்சி சொல்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல.” கேள்வி முழுவதையும் சாட்சியின் வாயில் போட்டு, கடைசியில் ‘சரியல்ல’ என்று ஒரு வால். என் விரல்கள் இந்த ‘சொன்னால் சரியல்ல’வை எத்தனை முறை அடித்திருக்கும் என்பதற்குக் கணக்கே கிடையாது. தூக்கத்தில்கூட அடிப்பேன். பிறந்ததிலிருந்து அந்த இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொன்ன ஒரு சம்சாரியை நான் பார்த்ததில்லை.

பெண் சாட்சி என்றால் முதல் வரியிலேயே சிக்கல். புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள். “திருச்செந்தூர்ல நிக்காரே, அவரு பேரு” என்பார்கள். டவாலி சிரித்துக்கொண்டே பேரை எடுத்துக் கொடுப்பார். தாளில் “என் கணவர் பெயர் சுப்பிரமணியன்” என்று இருக்கும். ஆயுசு முழுக்க அவர் சொல்லாத ஒன்றைச் சத்தியப் பிரமாணத்தின் மேல் சொன்னதாக சர்க்கார் ரிக்கார்டு சொல்லும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாததும் உண்டு.

இடையில் கொஞ்ச காலம் நான் நகல் பிரிவில் இருந்த சமயம் ஒரு அடிதடி வழக்குக் கட்டு நகலுக்கு வந்தது. முதல் தகவல் அறிக்கையில் சம்பவ நேரம் மாலை 6.30. கண்ணால் பார்த்த சாட்சியின் வாக்குமூலத்தில் ‘அதிகாலை’ என்று இருந்தது. தீர்ப்பில் அந்த முரண்பாட்டுக்கென்றே ஒரு பத்தி. எதிரி விடுதலை. அந்த வழக்கில் வேறு ஓட்டைகளும் இருந்தன. விடுதலைக்கு இது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடந்தது என்னவென்று எதிர்த்தரப்பு வக்கீலே பிற்பாடு டீக்கடையில் பெருமையாகச் சொன்னார். சாட்சி சொன்னது, “கருக்கல்ல பாத்தேன்” என்று. எங்கள் பக்கம் விடியக்கருக்கலும் உண்டு, அந்திக்கருக்கலும் உண்டு. சும்மா கருக்கல் என்றால், எந்தப் பேச்சுக்கு நடுவே வருகிறதோ அதை வைத்துத்தான் தெரியும். காட்டிலிருந்து மாட்டைப் பத்திக்கொண்டு திரும்பும்போது பார்த்தேன் என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். அது எந்த நேரம் என்று எங்கள் ஊர்ச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நீதிபதி மேற்கே மலையோரத்துக்காரர். அவர் வீட்டில் கருக்கலில் எழுந்திருப்பார்கள் போல. ‘அதிகாலை’ என்று சொல்லிவிட்டார். உள்ளூர் வக்கீல் வாயைத் திறக்கவில்லை. அவர் வேலை அது, குற்றம் சொல்ல முடியாது.

சாட்சிக்குப் படித்துக் காட்டவில்லையா என்று கேட்பீர்கள். படித்துக் காட்டியிருப்பார்கள். எப்படி? அடுத்த சாட்சியை டவாலி கூப்பிட்டுக்கொண்டிருப்பார். வக்கீல்கள் கட்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பெஞ்சு ஓரத்தில் குமாஸ்தா ஒருவர், கல்யாணத்தில் ஐயர் மந்திரம் சொல்கிற வேகத்தில் ஓட்டுவார். சாட்சி பவ்யமாகத் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலையாட்டுவார். கையெழுத்து அல்லது ரேகை. ‘படிக்கக் கேட்டேன், சரி.’

அந்த நீதிபதி மாறுதலாகிப் போன சில ஆண்டுகளில் வட ஆற்காட்டுக்காரர் ஒருவர் வந்தார். நான் பார்த்த நீதிபதிகளில் அவர் தனி. வந்த புதிதில் அவருக்கு எங்கள் பேச்சு பாதி புரியவில்லை. புரியாததைப் புரிந்ததுபோல் காட்டிக்கொள்ளவும் இல்லை. கி. ராஜநாராயணன் தொகுத்து 1982இல் வெளியான கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை எங்கிருந்தோ வாங்கிவந்து, சட்டப் புத்தகங்களோடு மேஜைமேல் வைத்துக்கொண்டார். கி.ரா.வின் இடைசெவல் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். கோவில்பட்டி ரோட்டில் போனால் வரும். அந்த அகராதி கோர்ட்டுக்கு உதவும் என்று கி.ரா. நினைத்திருப்பாரா, தெரியாது.

அந்த நீதிபதி முன்னால் சாட்சி “வெள்ளி முளைச்ச நேரம்” என்றால் விடமாட்டார். “பொழுது விடிஞ்சிருந்துச்சா, விடியலையா? ஆள் முகம் தெரிஞ்சுதா?” என்று கேட்பார். கூப்பிடு தூரம் என்றால், “இங்கிருந்து அந்த வேப்பமரம் இருக்குமா, பஸ் ஸ்டாண்டு இருக்குமா?” அப்புறம் என்னிடம் சொல்லுவார்: “சாட்சி சொன்ன சொல்லை அப்படியே போடு. மேற்கோள் குறிக்குள் போடு. பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு அர்த்தம் எழுது.” தட்டச்சுப் பள்ளியில் பழகிய விரல் ‘வந்தார்’ என்று தன்போக்கில் போகும். ‘வந்தாக’ என்று அடிக்க அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். அவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு சாட்சிக்குமேல் ஓடாது. வழக்குகள் தேங்குகின்றன என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

மற்ற நீதிபதிகளுக்கு இந்தப் பொறுமை இல்லாததற்கும் காரணம் உண்டு, அவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒரு நாள் காஸ் லிஸ்டில் ஐம்பது வழக்குக்குக் குறையாது. தவிர, பொதுத் தமிழுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் ஊர்ச் சாட்சியத்தைச் சென்னையில் உட்கார்ந்து படிக்கிறவருக்கும், நாளைக்கு மாற்றலாகி வருகிற கிருஷ்ணகிரிக்காரருக்கும் விளங்க வேண்டும். முழுக் கட்டையும் கரிசல் பேச்சிலேயே அடித்து வைத்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? ஆகவே வழக்கு நிற்பதும் விழுவதும் எந்தச் சொல்லிலோ அந்தச் சொல்லைத் தொடாமல் விடுங்கள் என்பதுதான் என் வாதம். மற்றதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

இலக்கியத்தில் இந்தச் சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. ஆர். சண்முகசுந்தரம் 1942இலேயே ‘நாகம்மாள்’ நாவலில் கொங்குப் பேச்சைக் கொண்டுவந்தார். கி.ரா.வுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி கொடுத்தார்கள். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கென்று ஒரு சொல்லகராதியே போட்டார். அதற்கெல்லாம் முன்னால் தொல்காப்பியமே திசைச்சொல்லுக்கு இடம் வைத்திருக்கிறது. அதே சொல்லை எழுத்தாளர் எழுதினால் விருது கிடைக்கிறது. எங்கள் ஊர்ச் சம்சாரி கூண்டில் நின்று சொன்னால் மட்டும் நாங்கள் இஸ்திரி போட்டுவிடுகிறோம்.

போலீஸ் ஸ்டேஷன் கதை வேறு. அங்கே ரைட்டர் என்று ஒருவர் இருப்பார். உண்மையிலேயே ரைட்டர்தான். எந்த ஊரில் எவன் எவனோடு சண்டை போட்டாலும், அவர் எழுதும் புகாரில் எல்லோரும் ஒரே வசனம் பேசுவார்கள். முதலில் ‘அசிங்கமான வார்த்தைகளால் திட்டி’, பிறகு ‘கையால் கன்னத்தில் அடித்து’, கடைசியில் ‘உன்னைக் கொல்லாமல் விடமாட்டேன் என்று மிரட்டல் விடுத்து’. இ.பி.கோ. 294(பி), 323, 506(2). மூன்று பிரிவுக்கு மூன்று வாக்கியம். வாக்கியத்துக்காகப் பிரிவா, பிரிவுக்காக வாக்கியமா என்று இப்போதும் எனக்குக் குழப்பம்தான். உண்மையில் அந்த ஆள், “ஒஞ் சோலிய முடிச்சிருதேம் பாரு” என்றிருப்பான். அதில் கொலை இருக்கிறதா, வெறும் வாய்ச்சவடாலா என்பது அதைச் சொன்ன விதத்தில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் சட்டங்களின் பேரும் பிரிவு எண்ணும் மாறிவிட்டன. ரைட்டரின் வசனம் மாறியதாக நான் கேள்விப்படவில்லை.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சனங்களுக்குக் கோர்ட்டுச் சொற்கள் நன்றாகவே தெரியும்: வாய்தா, ஜாமீன், ஜப்தி, வக்காலத்து, அமீனா. நவாபு காலத்தில் வந்து கிராமம்வரைக்கும் இறங்கி, ஊர்ச் சொல்லாகவே ஆகிவிட்டவை. படித்தவர்கள் இதற்கெல்லாம் நல்ல தமிழ் கண்டுபிடித்தோம். நல்ல காரியம்தான். ஆனால் மகனை உள்ளே வைத்திருக்கிறார்கள் என்று வாசலில் தவித்து நின்ற ஒரு தாயிடம், “பிணை மனு அனுமதிக்கப்பட்டது” என்று புதிதாக வந்த பையன் சொல்ல, அந்த அம்மா நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் காதில் விழுந்தது பிணம். “ஜாமீன் கிடைச்சுட்டும்மா, மகன் வாரான்” என்று டவாலி ஓடிப்போய்ச் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

நகல் பிரிவில் இருந்த காலத்தில்தான் மரண வாக்குமூலங்களை அடிக்க நேர்ந்தது. தீக்காயத்தோடு பெரியாஸ்பத்திரிக்கு வந்த பெண்களுடையவை அதிகம். மாஜிஸ்திரேட் போவார். உறவுக்காரர்களையும் போலீசையும் வெளியே அனுப்புவார். சுயநினைவோடு இருக்கிறார் என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். பிறகு கேள்வி, பதில். இதில் ஒரு விதி இருக்கிறது: முடிந்தமட்டும் சொல்பவரின் சொந்த வார்த்தைகளிலேயே எழுத வேண்டும். குஷால் ராவ் வழக்கில் 1957இலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. சொன்னவரை மறுபடி கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, அவர் விட்டுப்போவது அந்த வார்த்தைகள்தான் என்பது காரணம்.

அதனால் அந்தத் தாள்கள் மற்றத் தாள்கள்போல இருக்காது. ஒன்று இன்னும் வரிவரியாக நினைவிருக்கிறது. “அடுப்பப் பத்தவச்சேன். சீலையில புடிச்சிருச்சு. அவுக ஓடிவந்து அமத்துனாக. அவுக கையும் வெந்திருக்கும், அவுகள மொதல்ல பாக்கச் சொல்லுங்க.” கீழே, கைவிரல்கள் வெந்துபோனதால் கால் பெருவிரல் ரேகை வாங்கப்பட்டது என்று மாஜிஸ்திரேட்டின் குறிப்பு. இதையே கோர்ட்டில் சொல்லியிருந்தால், “என் கணவர் தீயை அணைத்தார். அவருக்கும் காயம் ஏற்பட்டது” என்று அடித்திருப்போம். இரண்டிலும் சங்கதி ஒன்றுதானே என்று ஒருவர் வாதாடலாம். அந்த மாப்பிள்ளைமேல் சந்தேகம் இருந்தது. ‘அவுகள மொதல்ல பாக்கச் சொல்லுங்க’ என்ற ஒரு வரிக்கு என்ன எடை என்று தீர்மானிக்க வேண்டியவர் நீதிபதி. எடை போட அந்த வரி தாளில் இருந்தாக வேண்டும்.

சாகக் கிடக்கிறவருக்குக் கொடுத்த உரிமையை உயிரோடு இருக்கிறவருக்கு நாம் கொடுக்கவில்லை. எங்கள் உத்தியோகத்தைப் பற்றி நான் சொல்லக்கூடிய ஒரே கடுமையான வார்த்தை இதுதான்.

சிவில் வழக்கில் நிலைமை இன்னும் ஒருபடி மேலே போய்விட்டது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் 2002 ஜூலை 1இல் அமலுக்கு வந்தன. அதற்கப்புறம் முதல் விசாரணையில் சாட்சி வாய் திறக்க வேண்டியதே இல்லை. பிரமாண வாக்குமூலமாக எழுதிக் கொடுத்துவிடலாம். நேரம் மிச்சம் என்பது நிஜம். ஆனால் அதை எழுதுவது வக்கீல் ஆபீஸ் கம்ப்யூட்டர். போன வழக்கின் பத்தியில் பேரை மட்டும் மாற்றிய தாள்களும் வரும். ஒரு பாட்டியிடம் எதிர்த்தரப்பு வக்கீல், “உங்கள் வாக்குமூலம் 4ஆம் பத்தியில் சர்வ சுதந்திர பாத்தியமாய் அனுபவித்து வருவதாகச் சொல்லியிருக்கிறீர்களே?” என்று கேட்டார். “நான் எங்கய்யா சொன்னேன்? கைநாட்டுல்லா வச்சேன்” என்றார் பாட்டி. அவர் வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தப் பாட்டிக்கு அந்தக் காட்டில் எத்தனை வருஷப் பாடு, எந்தப் பக்கம் பொழி, எந்த வேம்பு யார் வைத்தது என்பதெல்லாம் தெரியும். கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் சொல்லியிருப்பார்.

நான் ஓய்வு பெறும்போது கோர்ட்டில் மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்திருந்தது. நீதிபதி சொல்லச்சொல்லத் திரையில் எழுத்து ஓடும். சில இடங்களில் சாட்சிக்கும் தெரியும்படி திரையைத் திருப்பி வைக்கிறார்கள் என்று கேள்வி. கிரிமினல் வழக்குகளில் சாட்சியத்தை ஒலி, ஒளியாகவே பதிவு செய்யலாம் என்று 2009இலிருந்து சட்டம் இடம் கொடுக்கிறது. எங்கள் பக்கத்துச் சின்னக் கோர்ட்டுகளில் நான் அதைப் பார்த்ததில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் என்றைக்காவது சாட்சிக் கூண்டில் ஏற நேரலாம். விபத்தைப் பார்த்திருப்பீர்கள், பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், ஏதோ ஒன்று. சாட்சியத்தை அடித்து முடித்ததும் உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். வேகமாக ஓட்டினால், “ஐயா, மெதுவா படிங்க” என்று கேளுங்கள். நீங்கள் சொல்லாத வார்த்தை காதில் விழுந்தால், “நான் இப்படிச் சொல்லல, இப்படிச் சொன்னேன்” என்று உங்கள் சொல்லையே திரும்பச் சொல்லுங்கள். நீதிபதி திருத்தலாம். திருத்தாவிட்டால் உங்கள் ஆட்சேபத்தைக் குறிப்பாக எழுதிவைக்கலாம். பின்னால் டவாலி அடுத்த பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார், வக்கீல் முறைப்பார். முறைக்கட்டும். அதுவரை பேனாவைத் தொடாதீர்கள்.